மஞ்சக்காப்பு நடந்த வழி

எக்கா, மொதல்ல அம்மைகிட்டச் சொல்லு, அந்தப் போட்டோவுல நான் அழுவல. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கண்ணு அப்பிடி வீங்கிக் கெடக்கு. பன்னித்தலைக்கு முன்னால முட்டுக்குத்திக் கெடக்கது வேல போனதுக்கு மன்னிப்புக் கேக்கவும் இல்ல, மதம் மாறவும் இல்ல. நம்ம சுடலைக்குக் குடுக்க மாதிரி இங்கயும் மலைச்சாமிக்குப் பன்னித்தலை வைக்காவ. அம்புட்டுதான். அந்தப் பன்னியும் சிரிச்சுட்டுதான் இருக்கு, பெருசாக்கிப் பாரு. சிரிக்காத பன்னித்தலைய இங்க யாரும் சாமிக்கு வாங்க மாட்டாவ. சந்தையில மூணு கடை ஏறி எறங்கி, மூஞ்சி மூஞ்சியாப் பாத்து, நான்தான் எடுத்துட்டு வந்தேன்.

குளிருல விரலு வெறைக்கி, அதனால போன்ல பேசிப் பேசியே எழுத்தாக்குதேன். நீளமா வரும். நீ வாசிச்சு அம்மைக்குச் சொல்லு. அத்தானுக்குச் சொல்லாண்டாம், அவிய தெருவு பூரா சொல்லிருவாவ.

ரெண்டு மாசமா நான் யுனிவர்சிட்டில இல்ல. சோல்டின்னு ஒரு மலங்காட்டு ஊருல இருக்கேன். புரபசருதான் அனுப்பி வச்சாரு. "ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு நம்ம மஞ்சள வளக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம், போயிட்டு வா"ன்னாரு. மஞ்சள்னா கொழம்புக்குப் போடுத மஞ்சள் இல்ல. நாலு வருசமா நான் படிக்க உசுரு அது. செடியும் இல்ல, பூச்சியும் இல்ல, காளானும் இல்ல. மூள கெடையாது, கண்ணு கெடையாது, காலு கெடையாது, ஆனா நடக்கும். நம்ம இசக்கியம்மனுக்கு மஞ்சக்காப்புச் சாத்துவாவல்லா, அந்தக் காப்பு பீடத்துலருந்து பைய எறங்கி, சோறு எங்க இருக்குன்னு மோந்துகிட்டே போனா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான். நாலு எடத்துல ஓட்ஸ் வச்சா நாலையும் தொட்டு நரம்பு மாதிரி வழி போடும். சுத்து வழியெல்லாம் சுருட்டிக்கிட்டு நல்ல வழிய மட்டும் வச்சுக்கிடும். அதுக்குப் புரபசரு வாயில நொழையாத பேரு ஒண்ணு சொல்லுவாரு. எனக்கு மனசுக்குள்ள மஞ்சக்காப்புதான்.

அந்த ஆர்ட்டிஸ்டு பேரு குக் யோன்சு. அம்பத்தி மூணு வயசு. முன்ன ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்தவிய. புள்ளைய இல்லாம மூடிப்போன பள்ளிக்கூடம் இங்க மலைக்கு ஒண்ணு கெடக்கும், அதுல ஒண்ண எடுத்து வேல செய்யுதாவ. எல்லாருக்கும் டீச்சரம்மாதான், எனக்கும் டீச்சரம்மா. வெள்ளக் கோட்டு போட்டிருப்பாவ, கோட்டுப் பித்தான்ல அஞ்சு கலர்த் துணி தொங்கும், இங்க சாமி மரத்துல கட்டுத துணி. காலைல வந்ததும் மஞ்சள வச்சிருக்க பெட்டிக்கு முன்னால ரெண்டு உள்ளங்கையையும் தேச்சுத் தேச்சுக் குனிஞ்சு ஒரு கும்புடு. நிமிந்த கையோட தெர்மாமீட்டரப் பாத்து நோட்டுல எழுத்து. இருபத்தஞ்சு புள்ளி ரெண்டு.

ஒருநாள் நான் வாயை வச்சுகிட்டு இருக்க முடியாம கேட்டுட்டேன். "டீச்சரம்மா, சாமி பாத்துக்கிடும்னா தெர்மாமீட்டர் எதுக்கு?"

"சாமி எத்தன டிகிரில பாத்துக்கிடுதுன்னு எழுதி வைக்கண்டாமா?"ன்னாவ. சிரிக்காமச் சொன்னாவ.

வந்த அன்னைக்கே பேருல ஒரு கூத்து. இத நான் ஒங்க யாருகிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல, அப்பா மனசு சங்கடப்படுவாவன்னு. இவிய பேச்சுல "இ செக்கி"ன்னா பெரிய வசவு. "இந்த நாய்ப்பய"ன்னு வச்சுக்க. நம்ம இசக்கிக்கும் அதுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாலு வருசத்துக்கு முன்ன ஏர்போர்ட்டுல ஆபீசரு பேரக் கேக்க, நான் அவரு கண்ணப் பாத்து நல்லாத் தெளிவா "இசக்கி"ன்னேன். அவரு மூஞ்சி போன போக்க இன்னும் மறக்கல. சரி, பின்பாதிய வச்சுக்கிடுவோம்னு யுனிவர்சிட்டில "அம்மாள்"னு சொன்னேன். அம்மாள்னா இங்க பொட்டக் குதிர. முன்பாதி வசவு, பின்பாதி குதிர. அப்பா நேந்துகிட்டு வச்ச பேரு கடல் தாண்டுனதும் இந்தக் கதிக்கு ஆளாயிட்டு.

டீச்சரம்மா ரெண்டையும் கேட்டுட்டு மேசையில தலையச் சாச்சுச் சிரிச்சாவ. அப்பறம் கொஞ்சம் யோசிச்சு, "வால வெட்டித் தலையக் கொஞ்சம் நீட்டிருவோம். ஆமா. இனிமே நீ ஆமா"ன்னாவ. இவிய பேச்சுல ஆமான்னா 'ஒருவேளை'. "விஞ்ஞானம் படிக்கவளுக்கு இதவிடப் பொருத்தமா ஒரு பேரு கெடையாது"ன்னு வேற சொன்னாவ. நமக்கு ஆமான்னா ஆமா. அவியளுக்கு ஆமான்னா இருந்தாலும் இருக்கும், இல்லாமயும் போகும். எல்லாத்துக்கும் பயந்து சாவுத எனக்கு அது பொருத்தம்தான். அன்னைலருந்து ஊரு பூரா அதே பேருதான். "ஏ ஆமா, முள்ளங்கி புடுங்கிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போ."

இப்ப வேலைக்கு வாரேன். சோல்டில மலையச் சுத்தி ஏழு சாமியெடம் இருக்கு. கோயிலு கெடையாது. ஒண்ணு பழைய பைன் மரம், ஒண்ணு ஆம மாதிரி ஒரு பாற, ஒண்ணு வெறும் கல்லுக்குமி, இப்பிடி. வருசத்தோட மொதப் பௌர்ணமிக்கு மேளம் அடிச்சுகிட்டு ஊரே ஏழையும் நடந்து கும்புட்டு வரும். பதினோரு வருசமா அது நின்னு போச்சு. ஏன்னா பைன் மரத்துலருந்து ஆமப் பாறைக்கு எப்பிடிப் போகணும்னு ரெண்டு பேருக்குள்ள தகராறு. ஊர்த்தலைவரு பியோ, "எங்க தாத்தா காலத்துலருந்து மேட்டு வழிதான்"னாரு. மேங்னு இன்னொருத்தரு, "மேட்டு வழில ஆடு போகும், சாமி போகுமா? ஓட வழிதான்"னாரு. ரெண்டு பேரும் இந்தப் பள்ளிக்கூடத்துல இதே வகுப்புல ஒரே பெஞ்சுல இருந்து படிச்சவிய. அந்த வருசம் பாதி ஊரு மேட்டு வழியாவும் பாதி ஊரு ஓட வழியாவும் போயிட்டு. பன்னித்தல மேட்டுல போயிட்டு, கள்ளுப்பான ஓடையில போயிட்டு. சாமிக்கு ரெண்டும் ஒண்ணாச் சேந்து கெடைக்கவே இல்ல. அதோட சரி.

டீச்சரம்மா ரெண்டு பேரையும் கூட்டி வச்சுச் சொன்னாவளாம்: "மனுசன் சொன்னா நீங்க கேக்க மாட்டிய. மஞ்சள்கிட்டக் கேப்போம். அதுக்குப் பியோவையும் தெரியாது, மேங்கையும் தெரியாது. மலைச்சாமி இந்த மலையில ஊருத எல்லாத்துக்குள்ளயும் இருக்குன்னா இதுக்குள்ளயும் இருக்கும்லா?" ரெண்டு பேரும் பேப்பர்ல முத்திர குத்திக் குடுத்துட்டாவ. மஞ்சள் எந்த வழி போடுதோ அந்த வழில நடக்கோம். ஒரே ஒரு நிபந்தன, மனுசன் கை படப்படாது. கை பட்டா செல்லாது.

வகுப்பறைக்கு நடுவுல கட்டில் அளவு மேச போட்டோம். பாய் வீட்டுல நோம்புக்குக் கடல்பாசி காய்ச்சுவாவல்லா, அதே பாசியக் காய்ச்சி ஊத்தி, மேடு பள்ளம் எல்லாம் அச்சு அசலா மலை மாதிரியே பண்ணுனோம். மேடு காஞ்ச மாதிரி, ஓட ஈரமா. ஏழு சாமிக்கும் ஏழு ஓட்ஸ். வெளிச்சம் ஆகாதுன்னு மேல கறுப்புத் துணி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, மத்தியானம் நாலு நிமிசம் துணிய எடுத்துப் படம் புடிக்கணும், நோட்டுல எழுதணும், மூடணும். அது என் சோலி. அறைக்குள்ள சாப்புடக் கூடாதுன்னு நானே எழுதிக் கதவுல ஒட்டுனேன்.

எக்கா, அந்த அறையிலதான் நான் சாப்புட்டேன்.

வெளிய மைனஸ் பதினாலு. நடையில நின்னா வாயில வச்ச சோறு ஐஸாப் போவும். டீச்சரம்மா டவுனுக்குப் போயிருந்தாவ. மேங் வீட்டுப் பான் அத்த குடுத்த கொழுக்கட்ட ஒண்ணு கோட்டுப் பையில கெடந்துச்சு. நம்ம மாசிப்பச்ச மாதிரி ஒரு எலய அரச்சுப் போட்டது, பச்சக் கலருல இருக்கும். படம் புடிக்க நாலு நிமிசந்தான, ரெண்டு கடி கடிச்சுக்கிடுவோம்னு எடுத்தேன்.

இங்க ஒரு வழக்கம் உண்டு. காட்டுல மேட்டுல உக்காந்து சாப்புட்டா மொதத் துண்ட "கோசுரே"ன்னு சொல்லி வெளிய எறியணும், சுத்தி இருக்க சாமிக்கு. நம்ம கடையில கொசுறு கேப்பமே, அதே சத்தம், அதே அர்த்தம். சாமிக்குக் கொசுறு. டீச்சரம்மா தெனமும் ஜன்னலத் தொறந்து எறிவாவ. எனக்கும் பழகிட்டு. காக்காவுக்கு வைக்காம அம்மை ஒரு நாளும் நம்மளச் சாப்புட விட்டதில்லையே, அதனால சாமிக்குக் குடுக்காம கடிக்க மனசு வரல. ஜன்னலத் தள்ளுனேன், ஐஸ் புடிச்சுக் கெட்டியா நின்னுட்டு. அப்ப என் புத்தி பாரு. கண்ணூறு கழிச்சா முச்சந்தில நின்னு தோளுக்கு மேல பின்னால எறிஞ்சுட்டு திரும்பிப் பாக்காம வருவோம்லா, அது ஞாபகம் வந்துட்டு. "கோசுரே"ன்னு சொல்லி ஒரு கிள்ளு கிள்ளி, எடது கையால, தோளுக்கு மேல பின்னால எறிஞ்சேன். பின்னாலதான் மேச இருக்குன்னு தோணல. திரும்பிப் பாக்கவும் இல்ல. பாக்கப்படாதுல்லா. துணிய மூடிட்டுப் போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு டீச்சரம்மாவும் நானும் துணிய எடுத்தோம். மஞ்சக்காப்பு மூணு சாமியத் தொட்டு, நாலாவது பைன் மரத்தையும் தொட்டு நிக்கி. அங்கருந்து மேட்டுக்கும் போவல, ஓடைக்கும் போவல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம், ஒண்ணுமே வைக்காத எடம், அதப் பாத்து விரல் தண்டிக்கு ஒரு கைய நீட்டிருக்கு. நீட்டுன கை நுனியில கூட்டமா மொய்ச்சுக் கெடக்கு. அங்கருந்து ஆமப் பாறைக்கு இன்னொரு கை கெளம்பிட்டு.

டீச்சரம்மா வாயப் பொத்திக்கிட்டாவ. "மூணாவது வழி. ஆமா, மூணாவது வழி பாரு! இதுக்கு இங்க என்ன வேல? இங்க ஒண்ணுமே இல்லையே, யாரு கூப்புட்டா இத?"

நான் குனிஞ்சு பாத்தேன். மஞ்சளுக்கு அடியில கடுகு தண்டிக்குப் பச்சையா ஒண்ணு.

எக்கா, என் கொழுக்கட்ட. நான் வாயத் தொறக்கதுக்குள்ள டீச்சரம்மா தலைவருக்குப் போனப் போட்டாச்சு. பத்து நிமிசத்துல பியோவும் மேங்கும் வந்து மேசைக்கு ரெண்டு பக்கமும் நின்னாவ.

"மேட்டு வழி இல்ல"ன்னாரு மேங். மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம்.

"ஓட வழியும் இல்லல்லா"ன்னாரு பியோ. அவருக்கும் அதே சந்தோசம்.

ரெண்டு பேரும் தோத்தாச்சு, ஒருத்தனும் ஜெயிக்கல. அதுவே போதும்னு ஆயிட்டு. "பௌர்ணமிக்கு இந்தப் பள்ளத்து வழியாவே நடப்போம்லே"ன்னு தலைவரு சொல்ல, மேங் அவரு முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. பதினோரு வருசத்துல மொதத் தட்டாம். பக்கத்துல நான் பிரேதம் மாதிரி நிக்கேன்.

அன்னைலருந்து பௌர்ணமிக்கு மூணு நாளு. மூணு நாளும் சோறு எறங்கல. சொன்னா ரெண்டு பெருசும் மறுபடியும் அடிச்சுக்கிடும். டீச்சரம்மாவோட ரெண்டு வருச வேல போச்சு, டவுன்லருந்து பாக்க வாரவிய முன்னால மானம் போச்சு, புரபசரு என்னய வெளிய தள்ளுவாரு. சொல்லலன்னா, ஒரு ஊரே நான் திங்க எடுத்த கொழுக்கட்ட பின்னால மேளம் அடிச்சுட்டு நடக்கும். நாலு வருசம் நான் என்னத்தப் படிச்சேன்? சோறு பக்கத்துல விழுந்தா மஞ்சள் சோத்துக்குப் போவும், அதுதான் படிச்சேன். தெரிஞ்சுகிட்டே வாயப் பொத்திட்டு நின்னா நான் படிச்சதுக்கு என்ன மரியாத?

சொல்லப் பாக்காம இல்ல. மொத நாளு, "டீச்சரம்மா, ஒரு தப்பு நடந்துட்டு"ன்னேன்.

"டிகிரி எறங்கிட்டா?"

"இல்ல, இருபத்தஞ்சுதான்."

"அப்ப ஒண்ணும் தப்பில்ல"ன்னு சாமி மரத்துல துணி கட்டப் போயிட்டாவ.

ரெண்டாவது நாளு சந்தையில. பன்னித்தலையக் கையில வச்சுகிட்டு, "டீச்சரம்மா, அந்தப் பள்ளத்துல உள்ளது"ன்னு ஆரம்பிச்சேன். "அத விடு, இவன் சிரிக்கானா இளிக்கானா, சரியாப் பாத்துச் சொல்லு"ன்னாவ. சிரிக்கானான்னு பன்னிய உத்துப் பாத்துட்டு இருந்ததுல எனக்குச் சொல்ல வந்தது மறந்துட்டு.

பௌர்ணமி அன்னைக்குக் காலைல பள்ளிக்கூடம் நெறஞ்சு போச்சு. மேளக்காரவிய வாசல்ல, டவுன்காரவிய கேமராவோட, பெருசுங்கல்லாம் மேசையச் சுத்தி. மஞ்சக்காப்பு ஏழு சாமியையும் தொட்டு முடிச்சிருந்துச்சு. அத விட்டுட்டுப் போவ ஒருத்தருக்கும் மனசில்ல. பக்கத்து மேசையில பன்னித்தல வாயில பண நோட்டச் சொருகிட்டு சிரிச்சுட்டு இருக்கு. தலைவரு வெள்ள உடுப்புல சாமிக்கு வாசிக்க வேண்டிய பேப்பர விரிச்சு, தொண்டையச் செருமுனாரு. "மலைக்கு மேல இருக்க தெய்வமே, இந்த வருசம் நீ காட்டுன வழியில..."

"நில்லுங்க"ன்னுட்டேன்.

என் சத்தம் எனக்கே யாரு சத்தம் மாதிரி கேட்டுச்சு. எல்லாரும் திரும்பிட்டாவ. "சாமி காட்டல. பள்ளத்துல கொழுக்கட்ட கெடக்கு. மஞ்சள் அதத் திங்கத்தான் போச்சு. கை பட்டுட்டு. செல்லாது."

மேளக்காரரு கையில இருந்த குச்சி கீழ விழுந்துட்டு. தலைவரு பேப்பர மடக்குனாரு. "எவன் போட்டது?"

எக்கா, பயத்துல எனக்கு அந்த ஆமாங்கற பேரு வாயிலயே வரல. அப்பா வச்ச பேருதான் வந்துட்டு. "இசக்கி"ன்னேன்.



தலைவரு கண்ண உருட்டி, "எந்த செக்கி?"ன்னாரு.

நான் என் நெஞ்சத் தொட்டு, "இசக்கி. நான்தான். இசக்கி"ன்னேன், அழுதுகிட்டே.

மேங் பதறிப்போயி என் கையப் புடிச்சுட்டாரு. "ஏட்டி, ஏட்டி, ஒரு கொழுக்கட்டைக்கா ஒன்ன நீயே இப்பிடி ஏசுத? சாமி முன்னால வேற! போதும் தாயி, விடு."

"ஏசல அண்ணாச்சி"ன்னாவ டீச்சரம்மா, பின்னால இருந்து. "அவ பாஸ்போர்ட்டுல உள்ள பேரே அதுதான்."

அவ்வளவுதான். மொதல்ல மேளக்காரவிய, அப்பறம் டவுன்காரவிய, அப்பறம் தலைவரே பேப்பரால மூஞ்சிய மறச்சுக்கிட்டுக் குலுங்குதாரு. மேங் சிரிக்கவும் முடியாம என் கைய விடவும் முடியாம, "பேரா? பெத்தவிய வச்ச பேரா?"ன்னு கேட்டுக் கேட்டுக் கண்ணத் தொடைக்காரு. "எங்க ஊருல சாமி பேரு அது"ன்னேன். "அப்ப அந்தச் சாமிக்கு ரொம்பக் கோவம் வரும்போல"ன்னாரு. "வரும்"னேன். நானும் சிரிச்சுட்டேன். அழுக நின்னு, சிரிப்புத் தாங்காம பன்னித்தலைக்கு முன்னால முட்டுக்குத்தி விழுந்துட்டேன், அப்பதான் யாரோ போட்டோ எடுத்தது.

டீச்சரம்மா மட்டும் அப்பறம் சிரிக்கல. நோட்ட எடுத்துட்டு எனக்கு நேர வந்தாவ. நெசமாவே கோவம்.

"என்னைக்கி?"

"செவ்வாக்கெழம."

"மணி?"

"பன்னெண்டு இருவது."

"எந்தக் கை?"

"எடது."

"பாத்து எறிஞ்சியா, பாக்காமயா?"

"பாக்காம. பின்னால. எங்க ஊருல அப்பிடித்தான்."

"கோசுரே சொன்னியா?"

"சொன்னேன்."

"இம்புட்டு நடந்திருக்கு, நோட்டுல ஒரு வரி இல்ல! பன்னெண்டு இருவதுக்கு வெறும் டிகிரி மட்டும் எழுதி வச்சிருக்க! எறிஞ்சது தப்புன்னு நான் சொல்லல, எழுதாமப் போனியே, அது தப்பு. சாமி செஞ்சாலும் எழுதணும், நீ செஞ்சாலும் எழுதணும். அளவு?"

"கடுகு தண்டி."

"கடுகு தண்டி"ன்னு சொல்லிக்கிட்டே எழுதுதாவ. நான் பயந்து சாவுதேன், அவிய அளவு எழுதுதாவ.

ஆனா நான் பயந்தது பின்னால ஆரம்பிச்சுட்டு. மேங்தான் மொதல்ல. "அப்ப பேப்பர் படி இது செல்லாதுல்லா. செல்லாதுன்னா ஓட வழிதான்."

"எப்பிடி ஓட வழி? செல்லாதுன்னா பழைய மாதிரி மேட்டு வழிதான்."

"ஏலே, பழைய மாதிரின்னா எது பழைய மாதிரி?"

"ஒங்கப்பனக் கேளு."

"எங்கப்பன் ஒங்கப்பனத் தூக்கிட்டு ஓடையில நடந்தவருலே!"

பன்னித்தலையத் தூக்குதவரு ஒரு பக்கம் நகர, கள்ளுப்பானைய வச்சிருந்தவரு மறுபக்கம் நகந்துட்டாரு. என்னாலதான். மூணு நாளு முன்னாலயே சொல்லிருந்தா ஊரு கூடியாவது இருக்காது.

அப்ப பான் அத்த, மேங்கோட வீட்டுக்காரி, சமையக்கட்டுலருந்து கரண்டியோட வந்தாவ. காலைலருந்து அறுவது பேருக்குக் கொழம்பு வச்சுட்டு இருந்தவிய, மேசைய இன்னும் பாக்கவே இல்ல. "என்னல சத்தம்? கொழுக்கட்டைங்கிய, என் கொழுக்கட்டைக்கு என்ன கொற?"ன்னு கூட்டத்த வெலக்கிட்டு வந்து குனிஞ்சாவ. மஞ்சள் மொய்ச்சுக் கெடந்த எடத்தப் பாத்தாவ. கரண்டியாலயே காட்டுனாவ.

"இது கஷ்கொட்ட மரத்துப் பள்ளம்லா?"

அப்பிடியே மேங் பக்கம் திரும்புனாவ.

"இந்தா மனுசா, ஒம்மத்தான். பொம்பளைய சாமிட்ட வரப்படாதுன்னு சொல்லிட்டு, சோத்தையும் சட்டியையும் எங்க எறக்கச் சொன்னிய? இந்தப் பள்ளத்துலதான? மேட்டு வழியா எறங்குனாலும் சரி, ஓடையில ஏறுனாலும் சரி, பசிச்சா எல்லாரும் வந்து விழுந்த எடம் இது. இருவது வருசம் அங்கன நான் கொழம்பு ஊத்திருக்கேன். மொதக் கவளத்தக் கோசுரேன்னு எறிஞ்சுட்டுத்தான் திம்பிய, என் கொழுக்கட்டையத்தான் எறிவிய. நடந்த வழிக்குப் பதினோரு வருசமா அடிச்சுக்கிடுதிய, தின்ன எடம் ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல!"

தலைவரு மேங்கப் பாத்தாரு. மேங் தலைவரப் பாத்தாரு. "நெசந்தாம்லே"ன்னாரு பியோ பைய. "முள்ளங்கிக் கொழம்பு. கல்லு மேல வச்சிருப்பாவ."

"காஞ்ச மீனு போட்டு"ன்னாரு மேங்.

"நீ என் மீனத் திருடித் திம்ப."

"நீ பாக்காமப் பேசிட்டே இருப்ப, நான் என்ன செய்ய?"

தலைவரு அப்பறம் என்னயப் பாத்துத் திரும்புனாரு. சிரிப்பு இல்ல, நெசமாத் தெரிஞ்சுக்கிடணும்னு கேக்காரு. "நீ படிச்சவ. நீ சொல்லு. இது நீ எறிஞ்சதா, சாமி எறிய வச்சதா? இதுதான் வழியா?"

எல்லாரும் என் வாயவே பாக்காவ. டீச்சரம்மாவும் பேனாவ நோட்டுல வச்சுட்டுக் காத்துட்டு இருக்காவ. நான் யோசிச்சேன் எக்கா. ஒரே ஒரு தடவ செஞ்ச சோதன, அதுலயும் கை பட்டது, இத வச்சு ஒண்ணும் சொல்லப்படாது. ஆனா அம்புட்டு பெரிய மேசையில, பாக்காம எறிஞ்ச கடுகு தண்டித் துண்டு, ஊரே கோசுரே போட்ட எடத்துலயா விழணும்? இல்லன்னும் சொல்ல முடியல, உண்டுன்னும் சொல்ல முடியல. பொய் சொல்லாம சொல்லதுக்கு இவிய பேச்சுல ஒரே ஒரு வார்த்ததான் இருந்துச்சு.

"ஆமா"ன்னேன்.

'ஒருவேளை'ன்னுதான் சொன்னேன். அவியளுக்கு என் பேரச் சொன்ன மாதிரியும் கேட்டிருக்கும். மறுபடியும் ஒரே சிரிப்பு. டீச்சரம்மா அதையும் எழுதிக்கிட்டாவ. பான் அத்த கரண்டியால கள்ளுப்பானையில ஒரு தட்டுத் தட்டி, "ஒருவேளையோ ரெண்டு வேளையோ, கொழம்பு ஆறுது, நடங்க"ன்னாவ. மேளம் கெளம்பிட்டு.

பன்னித்தலையும் கள்ளுப்பானையும் ஒண்ணாப் போச்சு, ஒரே வழில. இந்தத் தடவ பொம்பளைய பள்ளத்துலயே நிக்கல, ஏழுக்கும் வந்தாவ. யாரும் வேண்டாம்னு சொல்லல. பான் அத்தையப் பாத்து யாரு சொல்லுவா? பள்ளத்துல பனி முட்டு வரைக்கும் கெடந்துச்சு. கல்லு மேல சட்டிய வச்சு, எல்லாரும் ஆளுக்கொரு துண்டு கிள்ளி "கோசுரே"ன்னு எறிஞ்சோம். என்னயப் பாத்துட்டு எல்லாரும் தோளுக்கு மேல பின்னால எறிஞ்சாவ, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பின்னால நின்ன டவுன்காரரு கேமராவுல ஒரு கொழுக்கட்ட போயி ஒட்டிக்கிட்டு.

டீச்சரம்மா மேசைக்குப் பக்கத்துல அட்ட எழுதி வச்சிருக்காவ, இதுல என்னென்ன சேந்திருக்குன்னு. கடல்பாசி, மஞ்சள், ஓட்ஸ், கொழுக்கட்ட ஒரு கிள்ளு, எடது கை. கடைசில என் பேரு. முழுப்பேரையும் இவிய எழுத்துலயே போட்டிருக்காவ. டவுன்காரவிய வாசிச்சுட்டு ஒரு நிமிசம் திகைச்சுப்போயி நிக்காவ, அப்பறம் பான் அத்த கத சொல்லுதாவ. வேல போவல. நேத்து இன்னொரு மேச போட்டாச்சு, இந்தத் தடவ கொழுக்கட்ட இல்லாம என்ன வழி போடுதுன்னு பாக்கணும். கதவுல ஒட்டுன பேப்பருக்குக் கீழ டீச்சரம்மா ஒரு வரி சேத்திருக்காவ: சாப்புட்டா எழுதவும்.

அப்பாகிட்ட பேரு விசயத்தச் சொல்லதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். சொன்னா, ஏழு சாமி முன்னாலயும் தலைவரு அந்தப் பேரையும் சாமி பேப்பர்ல சேத்து வாசிச்சாருன்னும் சேத்துச் சொல்லு. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு தடவ செருமிட்டு, சாமிகிட்ட "ஏசல, பேரு"ன்னு சொல்லிட்டுத்தான் வாசிச்சாரு.

அம்மை, புள்ள நல்லா இருக்காளா, சாப்புடுதாளான்னு கேப்பா. ஆமான்னு சொல்லு. நம்ம ஊரு ஆமா.